தோற்றும் தோலாத சொல்



வென்றவர் வரலாற்றையே உலகம் விரும்பிப் படிக்கின்றது. தோற்றவர் சொன்ன சொல் பிற்றை நாளில் வென்றதை எண்ணிப் பார்ப்பார் சிலரே. அமெரிக்க நாடு பிறந்த காலத்தில் வழக்கறிஞராகவும் சட்டமன்றத்தாராகவும் தூதராகவும் விளங்கிய உரூபசு கிங் என்பாரின் வாழ்க்கை அத்தகைய ஒரு சொல்லின் வரலாறாகும்.

அவர் 1755 மார்ச்சு 24இல், அன்று மாசாசூசட்சைச் சார்ந்திருந்த இசுகார்பரோ என்னும் ஊரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஆர்வார்டு கல்லூரியில் 1777இல் தேர்ந்தார். தியோபிலசு பார்சன்சு என்னும் அறிஞரிடம் சட்டம் பயின்று, 1780இல் வழக்கறிஞரானார். 1783இல் மாநிலச் சட்டமன்றமும் 1784இல் நாட்டின் பேராயமும் அவரை ஏற்றன.

மேற்கே புதிதாகக் கிடைத்த நிலப்பரப்பில் அடிமைமுறை இருக்கலாமா என்பது அன்றைய வினா. 1800ஆம் ஆண்டிற்குப்பின் அது கூடாது எனச் செபர்சன் 1784இல் எழுதிய விதி, ஒரே ஒரு மாநிலத்தின் இசைவு குறைந்தமையால் வீழ்ந்தது. எழுதியவரே அடிமைகளை உடையவர் என்பதும் மறக்கத்தக்கதன்று. வீழ்ந்த அவ்விதியைக் கிங் 1785 மார்ச்சு 16இல் மீண்டும் எடுத்து நிறுத்தினார். காலக்கெடு எதற்கு? குற்றத்திற்குரிய ஒறுப்பாக அன்றி, அடிமைமுறையோ வலிந்து வாங்கும் ஊழியமோ அங்கு இருத்தலாகாது என முன்மொழிந்தார். குழுவிற்கு அனுப்ப 8 மாநிலங்கள் இசைந்தன; ஆயினும் அது சட்டமாகவில்லை. அவர் தோற்றார்.

ஈராண்டு சென்றது. 1787 சூலை 13இல் ஒகையோ ஆற்றின் வடமேற்கு நிலத்திற்குப் பேராயம் சட்டம் இயற்றியபோது, கிங்கின் மாநிலத்தவரான நாத்தன் தேன் என்பார் அச்சொற்களை அதனுள் சேர்த்தார். ஒகையோ, இந்தியானா, இல்லினாய்சு, மிச்சிகன், விசுகான்சின் என்னும் ஐந்து மாநிலங்கள் பின்னர் அந்நிலத்தில் எழுந்தன.

அப்பொழுது கிங் பிலடெல்பியாவில் அரசமைப்பு வகுக்கும் மன்றத்தில் இருந்தார், அகவை 32. பேராளர் எண்ணிக்கையைக் கணக்கிட, ஐந்து அடிமைகளை மூவராகக் கொள்வதென அங்கு முடிவாயிற்று. அடிமைக்கு ஒப்போலை இல்லை. அவனை எண்ணி ஆண்டைக்கு வலிமை! இது தம் நெஞ்சை உறுத்துவதாகக் கிங் அவையிலேயே கூறினார். ஆயினும், ஒன்றியம் உடையக்கூடாது என்று எண்ணிக் கையொப்பமிட்டார். அன்று விட்டுக்கொடுத்தது பின்னாளில் அவரையே எதிர்த்து நின்றது.

நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்த அவர் 1789இல் மேலவை உறுப்பினரானார். 1796இல் வாசிங்டன் அவரை இங்கிலாந்திற்குத் தூதராக அனுப்பினார். மூன்று குடியரசுத் தலைவர்களின்கீழ் 1803 வரை அவர் அப்பணியில் இருந்தார். பழைய கடன் வழக்கை 1802இல் 6,00,000 பவுனுக்குத் தீர்த்தார். அமெரிக்கக் கப்பல்களிலிருந்து ஆங்கிலக் கடற்படை ஆட்களை வலிந்து பிடித்துச் செல்வதை ஒழிக்கவும் வழக்காடினார்.

குறையையும் மறைத்தலாகாது. 1798இல் அயர்லாந்தின் விடுதலைக்கு எழுந்து சிறைப்பட்டோர் அமெரிக்கா செல்ல அவர் தடை நின்றார். அச்சிறையாளருள் ஒருவரான தாமசு அடிசு எம்மெட்டு, பின்னர் நியூயார்க்கில் வழக்கறிஞராகி, 1807இல் அதனை ஊரறியச் சுட்டி இடித்துரைத்தார். ஒரு கொடுமையை நன்கு கண்ட கண்ணும் மற்றொன்றைக் காணாதிருத்தல் உண்டு.

1816இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று, மன்றோவிடம் 183க்கு 34 எனத் தோற்றார். ஆயினும் மேலவையில் அவர் குரல் ஓயவில்லை. மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்க்கும் வழக்கு எழுந்தபோது, 1820 பிப்பிரவரியில் அவர் எழுந்து, மாந்தனை அடிமையாக்கும் எந்தச் சட்டமும் இயற்கையறத்திற்கு முரணானது; ஆதலின் அது செல்லாது என்றார். அடிமையுடையோர் அதைக் கேட்டு உதட்டைக் கடித்துக் கைமுட்டியை இறுக்கியதைச் சான் குவின்சி ஆடம்சு தம் நாட்குறிப்பில் பொறித்தார்.

அவர் மீண்டும் தோற்றார். மிசூரி அடிமை மாநிலமாக வர, அதற்கு ஈடாக மெயின் உரிமை மாநிலமாயிற்று. அவர் பிறந்த இசுகார்பரோ அந்த மெயினில்தான் உள்ளது! அவர் பிறந்த மண்ணையே எடைக்கல்லாக்கி அவ்வுடன்பாடு நிறுக்கப்பட்டது.

ஆனால் உரை அவைச் சுவரைக் கடந்தது. 1822இல் சார்லசுடனில் தென்மார்க்கு வீசி என்னும் கறுப்பினத் தலைவர், கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று 34 பேருடன் தூக்கிலிடப்பட்டார். கிங்கின் உரையை அவர் தம் தோழர்க்கு எடுத்துக் காட்டியதாக அவ்வழக்கில் சான்று கூறப்பட்டது. மேலவையார் புறந்தள்ளிய சொல்லை அடிமைப்பட்டோர் நெஞ்சில் ஏந்தினர்.

கிங் 1827 ஏப்பிரல் 29இல் மறைந்தார். 1865இல் அரசமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அமெரிக்கா முழுவதும் அடிமைமுறையை ஒழித்தது. அத்திருத்தத்தின் சொற்கள் எவை? பெரும்பாலும் 1785இல் கிங் முன்மொழிந்து தோற்ற சொற்களே! இடைப்பட்டவை 80 ஆண்டுகள்; நடுவே ஒரு பெரும்போர்.

அவையோரே, எண்ணிக்கையால் தோற்ற சொல் பொய்யாவதில்லை. அதை எடுத்துச் சொல்ல ஆளில்லாத பொழுதே அது சாகும். செபர்சனின் கையிலிருந்து வீழ்ந்ததைக் கிங் எடுத்தார். கிங்கின் கையிலிருந்து வீழ்ந்ததைத் தேன் எடுத்தார். வீழ்ந்த அறச்சொல்லைக் குனிந்து எடுக்கும் கை ஒவ்வொரு தலைமுறைக்கும் வேண்டும்.