வாவிக்கரைப் பிள்ளைகளும் காப்புறுதியும்



மட்டக்களப்பு வாவியின் இருமருங்கையும் அந்நாட்டு மக்கள் எழுவான்கரை, படுவான்கரை என இரு பெயர்களால் வழங்குவர். ஞாயிறு எழுந்திசையிலே கடலையடுத்து நீண்டு கிடக்கும் நிலம் எழுவான்கரை. அது படுந்திசையிலே வயலும் குளமும் மேய்ச்சற்றரையுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீர் கிடக்கின்றது. பெரிய வைத்தியசாலை, கச்சேரி, பெயர்பெற்ற பாடசாலைகள் ஆகியன புளியந்தீவிலும் எழுவான்கரையிலும் அமைந்துவிட்டமையால், படுவான்கரையார்க்கு எந்தப் பெரிய கருமமும் நீரைக் கடந்து முடிக்கவேண்டிய கருமமே. மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் 'பாதை' என்று சொல்லப்படும் மிதவையிலேயே வாவியைக் கடந்தனர். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கும் பன்னெடுங்காலம் அதுவே வழி. போர்க்காலத்திலோ, 2007ஆம் ஆண்டுவரை, இந்நீர் ஓர் எல்லைக்கோடாகவும் இருந்தது.

இந்த நிலவமைப்பை முதலிலே சொல்வதற்குக் காரணமுண்டு. ஓட்டிசம் என்னும் நிலையுடைய பிள்ளைகளுக்கு வேண்டிய சேவைகளையும், அவற்றின் செலவைத் தாங்கவேண்டிய காப்புறுதியையும் பற்றியே இன்று பேச எண்ணினேன். பணக் கணக்கையும் தூரக் கணக்கையும் ஒருங்கு வைத்துப் பார்த்தாலன்றி இப்பொருள் விளங்காது.

ஓட்டிசம் என்பது யாது? தமிழகத்திலே இதனை மதியிறுக்கம் என்பர்; வேறு பெயர்களும் வழங்குகின்றன. இப்பிள்ளைகளின் மதி இறுகிப்போனது என்று கருத இடமில்லையாதலின், அச்சொல் எனக்கு உவப்பானதன்று. நம் வைத்தியர்கள் வழங்கும் ஓட்டிசம் என்னும் சொல்லையே கொள்கிறேன். அமெரிக்காவிலே பால்ட்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கி, 1943ஆம் ஆண்டில் இந்நிலையை முதன்முதலாக விரித்தெழுதினார். பிறரோடு கண்ணும் சொல்லும் கலந்து பழகுவதில் இடர்ப்பாடு. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல். வழக்கம் சிறிது மாறினும் பொறாமை. ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தல். இவை ஒரு பிள்ளையிடம் மெல்லிதாகவும் மற்றொன்றிடம் கடுமையாகவும் தோன்றும். இது தொற்றுநோயன்று. தடுப்பூசியால் வருவது என்று 1998இல் எழுந்த கூற்று பொய்யென நிறுவப்பெற்று, அக்கட்டுரையை வெளியிட்ட மருத்துவ ஏடே 2010இல் அதனை மீளப்பெற்றுக்கொண்டது.

தாயின் அன்புக் குறைவே காரணம் என்று மேனாட்டு அறிஞர் சிலர் எழுதிய காலமும் ஒன்றுண்டு. அக்கருத்து அங்கே மடிந்து பல்லாண்டாயிற்று. நம் ஊர்களில் அது வேறு வடிவில் உயிர்வாழ்கின்றது. வறுமையின் பொருட்டு மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப்பணிக்குச் சென்று திரும்பிய தாயைப் பார்த்து, "நீ விட்டுப்போனதால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை" என்று சொல்லும் உறவினர் உளர். அஃது அறியாமையால் வரும் கொடுமை. அத்தாய் ஊரிலேயே இருந்திருப்பினும் பிள்ளையின் நிலை அதுவாகவே இருந்திருக்கும்.

எத்தனை பிள்ளைகள் இவ்வாறு உள்ளனர்? பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் ஆய்ந்தோரும் இலங்கையின் நகர்சார்ந்த ஒரு பகுதியிலே, ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதம் காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்த நூற்றுக்கு ஒருவர் என்ற மதிப்பீட்டோடு இது பெரிதும் ஒக்கும். 300 பிள்ளைகள் உள்ள ஊரில் ஏறத்தாழ மூவர் என்று கொள்க. அவ்வாய்வு மற்றொன்றையும் காட்டிற்று. மேனாட்டில் ஆக்கிய வினாத்தொகுதி, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிற் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்காமலே விட்டுவிட்டது. வினாக்கள் நம் தாய்மார்க்குப் பழக்கமில்லாதவை. இக்குறை நோக்கியே படங்களைக் காட்டி வினாவும் முறையொன்றை அப்பேராசிரியர் குழுவினர் ஆக்கி 2017இல் வெளியிட்டனர். எழுத்தறிவு குறைந்த தாயும் படத்தைப் பார்த்து, "ஓம், என் பிள்ளை இப்படித்தான் கையை அசைப்பான்" என்று சொல்லலாமன்றோ?

இனி, சேவையைப் பார்ப்போம். நம் நாட்டிலே அரச வைத்தியசாலைகளில் வைத்தியத்துக்குக் கட்டணமில்லை. அயல்நாடுகள் பலவும் வியக்கும் பேறு இது. ஆதலால், "எல்லாம் இலவசமாயிருக்கக் காப்புறுதி எதற்கு?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. காய்ச்சலுக்கும் குடல்வால் அழற்சிக்கும் அது பொருந்தும். ஓட்டிசத்துக்குப் பொருந்தாது. ஏனெனில் இங்கே வேண்டப்படுவது ஒரு குளிகையோ ஒரு சத்திரசிகிச்சையோ அன்று, மணித்தியாலங்கள். பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர், பிள்ளையின் முன்னமர்ந்து, விளையாட்டோடு விளையாட்டாக, ஒரு சொல்லை, ஒரு சைகையை, சட்டையின் ஒரு பொத்தானைப் பூட்டுவதை, வாரந்தோறும், ஆண்டுக்கணக்காகப் பழக்கவேண்டும். இடையிலே விட்டால் கற்றது நழுவும்.

மண்டூருக்கு அப்பாலுள்ள ஊரொன்றிலிருந்து ஒரு தாய் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புறப்படுவதை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழவேண்டும். பேருந்து, பாதை, மீண்டும் பேருந்து. இரைச்சலும் நெருக்கமும் பொறாத பிள்ளை வழியிலே அலறினால், பேருந்திலுள்ளோர் தாயைத்தான் பார்ப்பர். அங்கே அரை மணித்தியாலப் பயிற்சி. பின் அதே வழியாகத் திரும்புதல். வயலிற் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு ஒருநாட் கூலி போயிற்று. வாரம் ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 52 நாட் கூலி. பயணச் செலவும் வெளியில் வாங்கும் உணவும் தனி. கட்டணம் வாங்காத வைத்தியம் அக்குடும்பத்துக்கு இலவச வைத்தியமாகுமா? மூன்று மாதம் வந்துவிட்டு வராமல் நின்றுவிடும் தாய்மாரை "அக்கறையில்லாதவர்கள்" என்று பதிவேட்டிற் குறிப்பது எளிது. 52ஐக் கூலியாற் பெருக்கிப் பார்த்தவர் அவ்வாறு குறிக்கமாட்டார்.

மொழியும் ஒரு தடை. பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றும் பட்டப்படிப்பு நெடுங்காலம் களனிப் பல்கலைக்கழகத்திலேயே நடந்துவந்தது. தேறியவருள் தமிழிலே பணிசெய்ய வல்லார் மிகச் சிலரே. பேச்சைப் பழக்கும் சிகிச்சையைப் பிள்ளையின் தாய்மொழியிலன்றி எப்படிச் செய்வது? தமிழிலும், வீட்டிற் பேசும் தமிழே வேண்டும். 'மறுகா' என்று அம்மம்மா சொல்வதைக் கேட்டு வளரும் மட்டக்களப்புப் பிள்ளைக்குப் 'பின்னர்' என்ற சொல்லை அட்டையில் எழுதிக் காட்டுவதால் ஆவதென்ன?

காப்புறுதிக்கு வருவோம். பலர் சிறுதொகை இட்டுச் சிலர்க்கு நேரும் பெருஞ்செலவைத் தாங்குவது காப்புறுதி. மருத்துவக் காப்புறுதியோ பெரும்பாலும் வைத்தியசாலைக் கட்டிலை வைத்தே கணக்கெடுக்கின்றது. எத்தனை நாள் கட்டிலிற் கிடந்தார், எந்தச் சத்திரசிகிச்சை நடந்தது என்பனவே அதன் வினாக்கள். ஓட்டிசமுள்ள பிள்ளை கட்டிலிற் கிடப்பதில்லை, முற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றது. அன்றியும், பிறவியோடு வந்த நிலைகளையும் பத்திரம் எடுக்குமுன் இருந்த நிலைகளையும் தனியார் நிறுவனங்கள் பொதுவாக விலக்கிவிடும். அரசாங்க ஊழியர்க்கு 'அக்ரஹார' உண்டு. மீனவர்க்கும் கூலியாளர்க்கும் அஃதில்லை. 2017ஆம் ஆண்டில் பாடசாலை மாணவர்க்கெனச் 'சுரக்ஷா' என்னும் காப்புறுதி தொடங்கப்பெற்றபோது பலரும் மகிழ்ந்தனர். நல்ல திட்டமே. ஆயினும், ஓட்டிசத்துக்குப் பயிற்சி மிகுதியும் பயன்தரும் பருவம் இரண்டு, மூன்று, நான்கு வயது. அப்போது பிள்ளை மாணவனல்லன். ஐந்து வயதிலே, "இப்பிள்ளையை எங்களால் வைத்திருக்க இயலாது" என்று ஒரு பாடசாலை திருப்பியனுப்பினால், அதன் பின்னும் மாணவனல்லன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996இல் இயற்றிய 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிலையத்திற் சேர்ப்பதிலே இக்காரணத்தால் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. சட்டத்தைத் தெரிந்துகொண்டு பாடசாலை வாயிலில் நிற்கும் பெற்றோர் எத்தனை பேர்?

வேறுவகையான காப்புறுதி இயலுமா எனின், இயலும். அமெரிக்காவிலே பெற்றோர் மாநிலம் மாநிலமாக வாதாடினர். 2001இல் இந்தியானா மாநிலம் வழிகாட்டிற்று. 2019க்குள் 50 மாநிலங்களிலும் ஓட்டிசச் சிகிச்சையைக் காப்புறுதி ஏற்கவேண்டுமென்ற விதி வந்துவிட்டது. அது செல்வ நாடு; அதன் முறை நமக்கு அப்படியே ஒவ்வாது. நமக்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு இந்தியாவின் 'நிராமயா'. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளை, ஓட்டிசம், மூளைவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்குறைகள் உடையோர்க்கு இதனை நடத்துகின்றது. ஆண்டுக்கு ஓர் இலட்சம் இந்திய ரூபா வரை பெறலாம். சேருமுன் வைத்தியப் பரிசோதனை இல்லை. கட்டிலில் கிடவாமலே பெறும் தொடர் சிகிச்சைக்கும் அதில் இடமுண்டு. போக்குவரத்துக்கும் ஒரு சிறுதொகை உண்டு. பேருந்துச் செலவையும் வைத்தியச் செலவாகக் கருதிய அந்த ஒரு விதிக்காகவே அதனை ஆக்கியோரைப் பாராட்டலாம். குறையும் உண்டு. முதலிற் கைப்பணம் செலவிட்டுப் பற்றுச்சீட்டுகளைக் காட்டியே பணத்தைத் திரும்பப் பெறவேண்டியிருப்பதால், அன்றாடம் காய்ச்சிகளுக்கு அது எட்டாது போகலாம். நம் நாட்டில் இத்தகைய திட்டம் வகுக்கப்படுமாயின், பணம் பற்றுச்சீட்டுக்குப் பின்னே வராமல், பயணத்துக்கு முன்னே வரவேண்டும் என்பது என் கருத்து. பிரதேச செயலகங்கள் வழியாக உதவிப்பணம் வழங்கிப் பழகிய நாட்டுக்கு இது புதுமையன்று.

பணம் மட்டும் வந்தாற் போதுமா? சிகிச்சையாளர் இல்லாத கரையிலே காப்புறுதிப் பத்திரம் வெறுங் கடதாசியே. இதற்கு விடையாக ஓர் ஆய்வைச் சொல்லவேண்டும். இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடத்தி, 2016இல் முடிவு வெளியிட்டனர். பட்டம் பெற்ற சிகிச்சையாளரல்லாத சாதாரணப் பணியாளர்களைப் பயிற்றி, அவர்கள் வாயிலாகப் பெற்றோர்க்குப் பழக்கினர். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அப்படத்தைப் பெற்றோர்க்கே காட்டி, "இங்கே பிள்ளை உங்களைப் பார்த்தான், கண்டீர்களா?" என்று சுட்டுவது அம்முறையின் உயிர். பிள்ளையின் அசைவுக்கு ஏற்பப் பெற்றோர் நடந்துகொள்வதும், பிள்ளை தானே முன்வந்து தொடர்புகொள்வதும் அதனாற் கூடின. உலக சுகாதார நிறுவனமும் பராமரிப்போரைப் பயிற்றும் திட்டமொன்றை வகுத்துள்ளது.

இம்முறைக்கு மட்டக்களப்பைப் போற் பொருத்தமான மண் வேறில்லை என்பேன். அங்கே மணமான மகள் தாய்வீட்டை அடுத்தே வாழ்வாள். மருமகன் வந்து சேர்வான். ஒரு வளவுக்குள்ளே அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் இருப்பர். பிற இடங்களில் ஒரு தாயைப் பயிற்றும் நேரத்தில் இங்கே நால்வரைப் பயிற்றலாம். வீடுதோறும் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் ஏற்கெனவே இருக்கின்றார். முன்னோடியும் இருக்கின்றது. மனநோய் கண்டவர்களை மட்டக்களப்பிலிருந்து அங்கொடைக்குக் கொண்டுசென்ற காலம் ஒன்றிருந்தது. 2000ஆம் ஆண்டையடுத்து மனநல வைத்திய நிபுணர் மகேசன் கணேசனும் அவருடன் உழைத்தோரும், போருக்கும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்கும் இடையிலே, மனநல சேவையை அம்மாவட்டத்து ஊர்களுக்கே கொண்டுசென்றனர். பெரியோர்க்கு வாவியைக் கடந்து சென்ற சேவை, சிறுவர்க்கும் செல்லலாம். வேண்டுவது, அவ்வுத்தியோகத்தருக்குப் பயிற்சியும், அதற்கென ஒதுக்கிய நேரமும், மாதம் ஒருமுறை படுவான்கரைக்கு வரும் சிகிச்சையாளர் ஒருவருமே. ஏனைய பல வேலைகளோடு இதனையும் அவர் தலையிற் சுமத்தினால், நடப்பது படிவம் நிரப்புதல் மட்டுமே.

திட்டங்கள் வரும்வரை பிள்ளையின் வயது நிற்பதில்லை. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாராத பிள்ளை. ஒன்றரை வயதாகியும் வேண்டிய பொருளை விரலாற் சுட்டிக் காட்டாத பிள்ளை. பேசத் தொடங்கிய இரண்டொரு சொல்லையும் இழந்துவிட்ட பிள்ளை. இவர்களுள் எவருக்கும், "அவன் தகப்பனும் பிந்தித்தான் பேசினான்" என்று காத்திருப்பது நன்றன்று. நேர்த்திக்கடன் வைப்போர் வைக்கட்டும். நூல் கட்டுவோர் கட்டட்டும். அதே கிழமையிலே வைத்தியரையும் காணட்டும். நிறையும் உயரமும் குறிக்கும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு எல்லாத் தாய்மாரிடமும் உண்டு. அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகையில், நிறை பார்த்து முடிந்தவுடன் எழுந்துவிடாமல், உத்தியோகத்தர் முன்னிலையில் பிள்ளையைச் சற்று விளையாடவிட்டு, பின்னாலிருந்து அதன் பெயரைச் சொல்லி இரண்டுமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள்.