ஒவ்வாமையுள்ள குழந்தையும் உணவுசாலையும்
(ஆத்தூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சாப்பாட்டைப் பற்றி ஒரு பிரசங்கமா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்குரிய விஷயமன்று. நம் பேரன் ஒருவனுக்கு முந்திரிப்பருப்பு ஆகாது. அவனுடைய ஐந்தாம் வயதில் தூத்துக்குடியில் ஒரு கடையில் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்தோம். முந்திரி உண்டா என்று சப்ளையரைக் கேட்டோம், இல்லை என்றார். அவர் பொய் சொன்னவரல்லர். சால்னா கெட்டியாகும் பொருட்டு மாஸ்டர் அன்று முந்திரிக் குருணையை அரைத்து விட்டிருந்தது அவருக்குத் தெரியாது. பத்து நிமிஷத்திற்குள் குழந்தையின் உதடு வீங்கிற்று, மேலெல்லாம் தடிப்பு, பின்பு மூச்சு இழுத்தது. 108 வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே பிழைத்தான். அடங்கிய வேதனை சில மணி கழித்து மறுபடி எழுவதுண்டு என்று வைத்தியர் அன்றிரவு அங்கேயே வைத்துப் பார்த்தார். வழியில் நாம் கொடுத்த அரிப்பு மாத்திரை மூச்சுத் தடையை நீக்க வல்லதன்று என்பதையும் அவரே சொன்னார்.

இதற்கு அனபிலாக்ஸிஸ் என்று பெயர். 1902-ல் பிரான்ஸ் தேசத்து போர்ட்டியே, ரிஷே என்னும் இருவர் இட்ட பெயர் இது. கடற்சாமந்தியின் விஷத்தை நாய்க்குச் செலுத்தினார்கள், அது தேறிற்று. சில வாரம் சென்று மிகச் சிறிய அளவே மறுபடி செலுத்த, அரைமணிக்குள் மாண்டது. ரிஷேக்கு 1913-ல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆகையால், "ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று அன்போடு ஊட்ட வரும் அத்தைமார் இந்த நாயை நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

கடையில் எப்படிக் கேட்பது என்பதே கடினம். "கடலை உண்டா?" என்றால், ஒருவர் நிலக்கடலையை நினைப்பார், ஒருவர் பொரிகடலையை, மற்றொருவர் கொண்டைக்கடலையை. சட்னிக்குப் பொரிகடலையோடு நிலக்கடலையும் சேர்த்து அரைப்பவர் உண்டு. முந்திரியையோ, அண்டிப்பருப்பு என்பாரும் கொல்லாங்கொட்டை என்பாரும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். எல்லாப் பெயரையும் சொல்லிக் கேட்கிறோம். சப்ளையரையன்று, அடுப்படிக்குப் போய் மாஸ்டரையே. சலித்துக்கொள்கிற மாஸ்டரும் உண்டு. முந்திரி ஆகாதவர்க்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது. அதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். மாஸ்டருக்கே நிச்சயமில்லையென்றால் எழுந்து வந்துவிடுகிறோம். தூத்துக்குடி மக்ரூன் முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் ஆனது. அதை விற்கும் பேக்கரியில், அதே தட்டிலும் இடுக்கியிலும் எடுத்த பிஸ்கோத்தைக்கூட நாம் வாங்குவதில்லை. பையன் கண்ணாடிப் பெட்டியையே பார்த்து நிற்பான். அதுதான் நமக்குத் தாங்காது.

சட்டம் இல்லாமலில்லை. 2020-ம் ஆண்டின் விதிகள்படி, பொட்டலப் பண்டங்களில் பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, கொட்டைப்பருப்பு, சோயா, கோதுமை முதலியவை இருந்தால் அறிவிக்கவேண்டும். பத்துக்குக் குறையாத இடங்களில் கிளையுள்ள ஓட்டல்கள் உணவுப் பட்டியலிலேயே தெரிவிக்கவேண்டும். ஒற்றைப் பரோட்டாக் கடைக்கு இப்பட்டியல் விதி எட்டாது. நாம் போவதோ பெரும்பாலும் அங்கேதான்.

கடைக்காரரை மட்டும் சொல்வானேன்? நம் சங்கத்து வருஷ விருந்திலும் பாயசத்தில் முந்திரி மிதக்கிறது. அதைத் தனியே வறுத்துக் கிண்ணத்தில் வைத்து, வேண்டுவோர்க்குக் கடைசியில் இடலாம் என்று சமையற்காரரிடம் பேசினோம். ஒப்புக்கொண்டார். வறுக்கும் நெய்ச்சட்டியையும் கரண்டியையும் வேறாக வைக்கத்தான் இன்னும் இசையவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம்; தாய்மார் இருவர் உடன் வந்தால் உதவியாயிருக்கும்.