மாரிக்கு முன்னம் மாற்றவேண்டிய றப்பர்

வழமையாக இந்த நேரத்தில் வரிப் பத்திரம், வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்று சொல்லி உங்களைக் கொட்டாவி விடவைக்கிற ஆள் நான். இந்த மாதம் என்னுடைய பழைய மொறிஸ் மைனர் காரின் வைப்பர் பிளேட் பற்றிக் கதைக்கப் போகிறேன். சிரிக்காதேங்கோ. போன ஒக்ரோபரில் அந்தச் சின்னச் சாமானால் நான் ஒரு தாயையும் தள்ளுவண்டிலில் இருந்த பிள்ளையையும் அடித்திருப்பேன்.

மொறிஸ் மைனர் என்றால் என்னவென்று எங்கடை ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்து விட்டார்கள். அதில் எத்தனை யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஓடியது என்பதை நீங்களே அறிவீர்கள். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரும் ஒரு வகையில் எங்களைப் போல்தான். ஸ்மேர்னாவில் 1906இல் பிறந்து, 1922இல் போர் துரத்த மோல்டாவுக்குப் போய், பிறகு தாயோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தவர்.

என்னுடையது 1967ஆம் ஆண்டுக் கார். கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றப் பிள்ளைகள் கேட்பார்கள், கொண்டுபோவேன். அன்றும் அப்படித்தான். மண்டபத்தில் இருந்து திரும்பும்போது மழை பிடித்தது. வைப்பரைப் போட்டேன். அது தண்ணீரை வழிக்கவில்லை, கண்ணாடி முழுக்க எண்ணெய் பூசியதுபோல் இழுகியது. எதிரே வந்த வாகனங்களின் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறியது. பாதசாரிக் கடவையில் அந்தப் பெண் கால் வைத்ததை மனைவிதான் கண்டு கத்தினா. பழைய டிறம் பிறேக், நனைந்த வீதி. ஒரு முழம் மிச்சம் வைத்து நின்றது கார்.

பிழை என்னுடையதுதான். கார் வருடத்தில் எண்ணூறு மைல்கூட ஓடுவதில்லை, பிளேட் தேயாது என்று நினைத்திருந்தேன். தேய்மானக் கணக்கில் இரண்டு முறை உண்டு: ஓட்டத்தைக் கொண்டு கழிப்பது, காலத்தைக் கொண்டு கழிப்பது. முப்பது வருடம் அந்தத் தொழில் செய்தும் எனக்கு உறைக்கவில்லை. வைப்பர் றப்பர் காலத்தோடு கழிகிற சாமான். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை வெடிக்கவும் இறுகவும் வைக்கும். கராஜுக்குள் மாதக்கணக்கில் ஒரு பக்கம் சாய்ந்தபடி கிடந்தால் அந்தச் சாய்வு நிலைத்துவிடும். நல்ல பிளேட்டின் விளிம்பு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மற்றப் பக்கம் பிரள வேண்டும். பிரளாவிட்டால்தான் அந்தக் கிறீச் சத்தமும் துள்ளலும்.

இன்னொன்று. 2018 மே மாதத்தில் இருந்து இங்கே, பெரிதாக மாற்றம் செய்யாத, 40 வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு எம்.ஓ.ரி. கட்டாயமில்லை. காசு மிச்சம் என்று நானும் சந்தோசப்பட்டேன். ஆனால் வைப்பர் சரியாக வேலை செய்யவேண்டும் என்ற சட்டம் அப்படியே இருக்கிறது. பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த நாளே ஒரு கடையில் 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்ற பக்கெற் வாங்கினேன். நாலு பிளாஸ்ரிக் கொழுக்கி இருந்தது, ஒன்றும் கொழுவுப்படவில்லை. பிளேட்டும் நீளம் கூட, கண்ணாடி ஓரத்து றப்பரில் போய் இடித்தது. இப்போதைய கார்களின் வைப்பர்க் கை நுனியில் தூண்டில்போல் வளைந்திருக்கும். என்னுடையதைப் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் அது நேரான தட்டைத் தகடு, அதைப் பிளேட்டின் கூட்டுக்குள் செருகவேண்டும். தகட்டின் அகலம் பெரும்பாலும் 5.2 அல்லது 7.2 மில்லிமீற்றர். கண் மட்டத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அளந்து பார்த்துத்தான் வாங்கவேண்டும். கண்ணாடி தட்டையா வளைவா என்பதையும் சொல்லுங்கோ. மைனரில் 1956 வரை நடுவில் பிரிந்த தட்டைக் கண்ணாடி, அதன் பிறகு ஒரே வளைவுக் கண்ணாடி. தட்டைக்கான விறைத்த பிளேட் வளைவில் நுனியில் தொடாமல் நிற்கும். பழைய கார்ச் சாமான் விற்கிற இடத்தில் சரியான சோடி கிடைத்தது. விலை இரண்டு பேர் தோசை சாப்பிடுகிற காசு.

மாற்றுவதற்கு முன்னம் கண்ணாடியின் மேல் தடித்த துவாய் ஒன்றை விரியுங்கோ. பிளேட் இல்லாத கை வில்லின் வேகத்தில் திரும்பி அடித்தால் கண்ணாடி வெடிக்கும். புதுப் பிளேட்டுக்கு ஆன செலவு என்ன, கண்ணாடிக்கு ஆகும் செலவு என்ன! கையை நிமிர்த்தி, பிளேட்டில் உள்ள சின்னக் கிளிப்பை அமத்தி, வெளியே இழுத்தால் கழன்று வரும். புதியதை 'கிளிக்' என்று கேட்கும்வரை செருகி, ஒருமுறை இழுத்துப் பாருங்கோ. கண்ணாடியில் பழைய மெழுகுப் படை இருந்தால் புதுப் பிளேட்டும் இழுகும், ஸ்பிரிற் தொட்டுத் துடையுங்கோ. காய்ந்த கண்ணாடியில் மட்டும் போட்டுப் பார்க்கவேண்டாம், அந்தப் பழைய மோட்டருக்கு அந்தப் பாரம் ஆகாது. தண்ணீர் ஊற்றிவிட்டுப் போடுங்கோ.

ஊரில் அப்பாவும் ஒரு மைனர் வைத்திருந்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. வைப்பர் றப்பருக்கு எங்கே போவது? சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டிப் பிளேட்டுக்குள் செருகியிருந்தார், அதுவும் சாரதிப் பக்கம் மட்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு அந்தக் கொட்டும் மழையில் அம்மம்மாவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்கு வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலம்வரை சனத்துக்கு நடுவில் நடை வேகம்தான். ரியூப் றப்பர் கோடு கோடாக இழுத்தது. நான் இறங்கி முன்னுக்கு நடந்து, கையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வந்தேன். ஆரையும் இடிக்காமல் போய்ச் சேர்ந்தோம். கார் சாவகச்சேரியோடு நின்றுவிட்டது. பிறகு நாங்கள் அதைக் காணவில்லை.

அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. நான் பிளேட் மாற்றுகிறேன் என்றதும் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து முன் சீற்றில் ஏறி இருந்தார். நான் குழாயால் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்க, அவர் எட்டி வைப்பரைப் போட்டார். கண்ணாடி பளிங்குபோல் துடைபட்டது. ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இடப்பக்கம் மேல் மூலையிலை இன்னும் ஒரு கோடு விழுது. கையைக் கழட்டிப் பார்."

கழற்றிப் பார்த்தேன். கை இலேசாக முறுகியிருந்தது. துணி சுற்றிய குறட்டால் நேராக்கிப் போட்டேன், கோடு நின்றுவிட்டது. அடுத்த மாதம் திரும்பவும் வரிப் பத்திரம்தான் நேயர்களே.