சாராயமும் சிசுவும்



கர்ப்பிணியின் உடல் சாராயத்தைச் சீக்கிரமாக எரித்துவிடுகின்றதென்று விஞ்ஞானிகளே கண்டிருக்கும்போது, அவள் கொஞ்சம் குடித்தால் என்ன மோசம் என்று யாராவது நம்மைக் கேட்கக்கூடும். விஞ்ஞானத்தின் பேரால் வருகின்ற கேள்வியாதலால், விஞ்ஞானத்தைக் கொண்டே அதற்குப் பதில் சொல்லுவோம்.

அமெரிக்காவில் ஆர்க்கன்சாஸ் மாகாணத்து ஆராய்ச்சிக்காரர்கள், எலிகளின் இரைப்பையில் குழாய் வைத்து, ஆகாரத்தோடு சாராயத்தையும் அளந்து செலுத்தி, மூத்திரத்தில் எவ்வளவு சாராயம் வருகின்றதென்று பார்த்தார்கள். சினை எலிகள் மற்ற எலிகளைவிட விரைவாகச் சாராயத்தை அகற்றின என்று 2005-ல் வெளியிட்டார்கள். இது மெய்தான். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பாதி மெய்யைச் சொல்லி மீதியை விழுங்குவது யோக்கியமாகுமா? அதே கூட்டத்தார் 2006-ல் கண்டது யாதெனில், சினை எலிக்குத் தீனியைக் குறைத்தால் சாராயத்தை எரிக்கும் சக்தியும் குறைகின்றது. உடலில் சாராயம் அதிகமாய்த் தங்குகின்றது. கருவுக்குக் கேடும் அதிகமாகின்றது என்பதேயாகும். அப்படியானால், அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கும் ஏழைத் தாய்க்கு வயிறு நிறைந்த எலியைக் காட்டித் தைரியம் சொல்லலாமா?

மேலும், எரிப்பது யார்? தாயின் ஈரல். சிசுவின் ஈரலில் சாராயத்தை மாற்றும் நொதி மிகச் சொற்பம். சாராயமோ நஞ்சுக்கொடியைத் தாராளமாய்த் தாண்டிச் செல்லும். தாயின் இரத்தத்தில் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு சிசுவின் இரத்தத்திலும் ஏறிவிடும். கொட்டிய தேள் சீக்கிரமாய் ஓடிவிட்டது என்பதற்காகக் கடுப்பு இல்லாமற் போய்விடுமா? 1981-ல் சினைச் சுண்டெலிகளுக்கு 7-ஆம் நாள் ஒரே நாளில் சாராயம் ஏற்றிப் பார்த்தார்கள். குட்டிகளின் முகமும் மூளையும் கெட்டன. மனிதரில் அது மூன்றாவது வாரத்துக்குச் சமம். தான் கர்ப்பமென்று தாய்க்கே தெரியாத காலம்!

பெரிய டாக்டர்களும் இதில் தவறியதுண்டு. குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதற்கென்று 1960, 70-களில் கர்ப்பிணிகளின் இரத்தக் குழாயிலேயே சாராயத்தை ஏற்றினார்கள். ஆனால் 1968-ல் பிரான்சில் லெமுவான் என்னும் டாக்டர், குடிகாரப் பெற்றோரின் 127 குழந்தைகளைச் சோதித்துக் கேட்டை வெளியிட்டார். 1973-ல் அமெரிக்காவில் ஜோன்ஸ், ஸ்மித் என்பவர்களும் அதையே கண்டார்கள். பிறகு அந்த வைத்தியம் கைவிடப்பட்டது. பெரியவர்கள் செய்தார்களே என்று அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அதற்குப் பெயர்தான் அறிவு.

1981-ல் அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்திய அதிகாரி, கர்ப்பிணிகள் குடிக்கவே வேண்டாமென்று அறிவித்தார். ஏனெனில், இவ்வளவு குடித்தால் கேடில்லை என்னும் அளவு எதையும் எவரும் கண்டபாடில்லை.

தோழர்களே! இப்படிப் பிறந்த பிள்ளையைப் பார்த்துத் தலைவிதி என்பதும், தாயின் பாவம் என்று தூற்றுவதும் மூடத்தனமேயாகும். வீட்டுக்குப் புட்டியைக் கொண்டுவருகின்றவன் ஆண்பிள்ளையாயிருக்க, பழியை மாத்திரம் பெண் சுமப்பதா? ஆகவே, புட்டியை வெளியே வைத்துவிட்டு, அந்தக் காசுக்குப் பாலும் பருப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போங்கள் என்று கேட்டுக்கொண்டு நமது பேச்சை முடித்துக்கொள்ளுகின்றோம்.