கணக்கு வராதென்பது யார் எழுதிய எழுத்து?

(ஒரு வாசகசாலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச ஒப்புக்கொண்டிருப்பது, அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று சொல்லப்படும் இடங்களில் நடுத்தர அல்ஜீப்ரா படிக்கிறவர்களைப் பற்றியதாகும். எங்கேயோ இருக்கிறவர்கள் போடுகிற கணக்குக்காக நாம் ஒரு மாலை நேரத்தைச் செலவிடுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயமே. ஆனால் ஒரு மனிதனைப் பார்த்து "உனக்கு இது வராது" என்று சொல்லி வாசலிலேயே நிறுத்துகிற காரியம் எந்த நாட்டில் நடந்தாலும், அது எப்படி நடக்கிறது என்று தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கல்லூரிகளின் கதை சுருக்கமானது. 1901-ல் இல்லினாய் மாகாணத்து ஜோலியெட் நகரத்தில் 6 மாணவர்களோடு ஒன்று ஆரம்பமாயிற்று. இன்று அந்நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் இருக்கின்றன. சம்பளம் குறைவு, வயது வந்த எவரும் சேரலாம். பகலில் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை செய்துவிட்டு இராத்திரி வகுப்புக்கு வருகிறவர்களும், பிள்ளை பெற்ற தாய்மார்களும், வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்களும் அங்கே படிக்கிறார்கள். வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக் கொள்ளுகிறார்கள். திறந்துதான் இருக்கிறது, ஆனால் உள்ளே இன்னொரு வாசல் வைத்திருந்தார்கள். அதன் பெயர்தான் அல்ஜீப்ரா.

அல்ஜீப்ரா என்றவுடன் பயப்படாதீர்கள். அது ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதிலிருந்த அல் குவாரிஸ்மி என்பவரின் புஸ்தகப் பெயரிலிருந்து வந்த சொல். அவர் அதை எழுதியது சொத்துப் பாகப்பிரிவினை, வியாபாரம், நில அளவு ஆகியவற்றுக்காகத்தான். உடைந்ததைச் சேர்த்து வைப்பது என்று அந்த அரபுச் சொல்லுக்கு அர்த்தம். ஸ்பெயின் தேசத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவனைக்கூட அந்தச் சொல்லின் வழியாகவே அழைத்தார்கள்.

ஒரு உதாரணம் பாருங்கள். ஒரு தோட்டத்தின் நீளம் அகலத்தைவிட 3 கெஜம் அதிகம். பரப்பு 40 சதுர கெஜம். அகலம் எவ்வளவு? தெரியாத அகலத்துக்குக் 'க' என்று பெயர் வைப்போம். க × (க + 3) = 40. இதை மாற்றி எழுதினால் (க + 8) × (க − 5) = 0 என்று ஆகிறது. இரண்டைப் பெருக்கிப் பூஜ்யம் வரவேண்டுமானால் ஒன்றாவது பூஜ்யமாயிருக்க வேண்டும். ஆகவே க என்பது 5, இல்லாவிட்டால் −8. அகலம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்க முடியாதாகையால் 5 தான் விடை. சரியா என்று யாரைக் கேட்க வேண்டும்? யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஐந்தையும் எட்டையும் பெருக்குங்கள், 40 வருகிறது. வாத்தியார் சொன்னார், புஸ்தகத்தில் அச்சிட்டிருக்கிறது என்பதற்கு இங்கே ஒரு காசு மதிப்புக்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட ஒரு படிப்பையா சாதாரண ஜனங்களுக்கு வராது என்பது?

ஆனால் அதைச் சொல்லிக் கொடுக்கிற விதம் இருக்கிறதே, அது வேறு. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் என்று பிள்ளைகளுக்கு மந்திரம் போல் உபதேசிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "அது விதி" என்கிறார்கள். ஏன் விதி? −2 ஐ 3 ஆல் பெருக்கினால் −6. 2 ஆல் பெருக்கினால் −4. 1 ஆல் பெருக்கினால் −2. பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் விடை இரண்டிரண்டாக ஏறிக்கொண்டே வருகிறதல்லவா? அடுத்தபடி −1 ஆல் பெருக்கினால் 2 வராமல் வேறென்ன வரும்? இதைச் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இதைச் சொல்லாமல் உருப்போடச் சொல்லிவிட்டு, மறந்து போனவனை மண்டு என்பது என்ன யோக்கியதை?

இனி வாசல் சங்கதிக்கு வருகிறேன். கல்லூரியில் சேருகிறவரை ஒரு யந்திரத்தின் முன் உட்கார வைத்து ஒரு பரீட்சை வைப்பார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுப் பத்து வருஷமானவர், பின்னத்தை மறந்திருப்பார். உடனே அவரைக் கீழ்ப்படியில் போடுவார்கள். கூட்டல் கழித்தல், அதன் மேல் ஆரம்ப அல்ஜீப்ரா, அதன் மேல் நடுத்தர அல்ஜீப்ரா, அதற்கும் மேலேதான் பட்டத்துக்குச் சேருகிற கணக்கு. கீழ்ப்படிகளுக்குச் சம்பளம் உண்டு. நாலாண்டுப் பட்டத்துக்கு அவை பெரும்பாலும் சேருவதில்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பெருக்கிப் பாருங்கள். நூறு பேரில் ஒவ்வொரு படியிலும் 70 பங்கு தேறி மேலே போகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுவோம். முதற்படி முடிவில் 70 பேர், இரண்டாவதில் 49, மூன்றாவதில் 34, நாலாவதில் 24. எந்த வாத்தியாரும் கெட்டவரில்லை, எந்த வகுப்பும் மோசமில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் காணாமற் போனார்கள்! இது என் கற்பனைக் கணக்கு. நிஜக் கணக்கும் இருக்கிறது. 2010-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பல கல்லூரிகளைப் பார்த்து வெளியிட்டதில், கணக்கில் இப்படிக் கீழ்ப்படிக்கு அனுப்பப்பட்டவர்களில் மூன்றிலொரு பங்குப் பேர்தான் படிகளை முடித்தார்கள். மற்றவர்களிலும் பரீட்சையில் தவறியவர்களைவிட, அடுத்த வகுப்பில் பெயரே கொடுக்காமல் நின்று போனவர்களே அதிகம். நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? தன் தலையில் கணக்கு எழுதவில்லை என்றுதான். எழுதினவன் பிரம்மா அல்ல, அந்த யந்திரம்.

இந்த இடத்தில் பாப் மோசஸ் என்ற ஒரு கறுப்புத் தோழரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கணக்கு வாத்தியாராயிருந்த அவர், 1960-க்குப் பின் மிசிசிப்பி மாகாணத்துக்குப் போய்க் கறுப்பர்களுக்கு ஓட்டுரிமைக்காகப் பாடுபட்டார். அங்கே ஓட்டுப் பதிவு செய்ய வருகிற கறுப்பர்களிடம் மாகாண அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வியாக்கியானம் செய்யச் சொல்வார்கள். சரியா தப்பா என்று தீர்ப்பளிப்பவர் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்! அந்தப் பரீட்சையைப் பார்த்த அதே மனிதர்தான் 1982-ல் அல்ஜீப்ரா திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்து, 2021-ல் இறக்கும் வரை அதிலேயே உழைத்தார். பாஸ்டன் பக்கத்துச் சுரங்க ரயிலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், முன்னே எத்தனை ஸ்டேஷன், பின்னே எத்தனை ஸ்டேஷன் என்று கேட்டே கூட்டல் எண்ணையும் கழித்தல் எண்ணையும் புரிய வைத்தார். அல்ஜீப்ரா தெரியாதவன் இக்காலத்தில் ஓட்டில்லாதவனுக்குச் சமம் என்பது அவர் கட்சி.

எதிர்க்கட்சியும் உண்டு. ஆண்ட்ரூ ஹாக்கர் என்ற பேராசிரியர் 2012-ல், அல்ஜீப்ரா எல்லோருக்கும் எதற்கு என்றே கேட்டு எழுதினார். அவர் கேட்பதில் உண்மை இருக்கிறது. நியூயார்க் நகரக் கல்லூரிகள் மூன்றில் 2013-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஆரம்ப அல்ஜீப்ரா படிக்க வேண்டியவர்களில் சீட்டுப் போட்டெடுத்த சிலரை நேரே புள்ளிவிவரக் கணக்கு வகுப்பில் சேர்த்து, கூடவே வாரந்தோறும் உதவி வகுப்பும் வைத்தார்கள். அதில் நூற்றுக்கு 56 பேர் தேறினார்கள். ஆரம்ப அல்ஜீப்ராவிலேயே விடப்பட்டவர்களில் 39 பேர்தான். இதற்கு என்ன சமாதானம் சொல்லுவது?

இருந்தாலும் "இவர்களுக்கு இவ்வளவு படிப்புப் போதும்" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. புள்ளிவிவரம் படிக்க விரும்புகிறவர் அதைப் படிக்கட்டும். ஆனால் இஞ்சினீயராக விரும்புகிற ஏழைக்கும் அல்ஜீப்ராவைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே. கலிபோர்னியாவில் 2009 முதல் இரண்டாண்டுப் பட்டத்துக்கே நடுத்தர அல்ஜீப்ரா கட்டாயம் என்று வைத்திருந்தார்கள். 2017-ல் சட்டம் செய்து, பள்ளிக்கூட மார்க்குகளைப் பார்க்காமல் எவரையும் கீழ்ப்படியில் தள்ளக்கூடாதென்றார்கள். அதன் பிறகு முதல் வருஷத்திலேயே பட்டக் கணக்கை முடிக்கிறவர்கள் மிகவும் அதிகமாயிருக்கிறார்கள். 2022-ல் அச்சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். கீழ் வகுப்புகளை அடியோடு எடுத்துவிட்டால் உண்மையில் அவை வேண்டியவர்கள் எங்கே போவார்கள் என்று அங்குள்ள கணக்கு வாத்தியார்களே பலர் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. அவர்கள் சொல்வதையும் தள்ளிவிடக் கூடாது.

நேரமாகிவிட்டது. இதோ கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் இருக்கின்றன. அந்தத் தோட்டக் கணக்கில் 40-க்குப் பதில் 54 போட்டால் அகலம் என்ன வருமென்று தாய்மார்களில் யாராவது முதலில் வந்து போடுங்கள். பிறகு கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம்.