பேரேட்டில் எஞ்சிய பெயர்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் கவிஞர்கள், வழக்கறிஞர்கள், களத்தில் நின்றவர்கள். நான் ஒரு சிறு நகரத்துக் கல்லூரியில் 31 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். பேச அழைத்தபோது, "புத்தகம் எடுத்துக் கொடுத்தவனுக்கு என்னங்க பேச்சு?" என்று கேட்டேன். "அதைப் பத்தியே பேசுங்க ஐயா" என்றார்கள். ஆகவே என் தொழிலைப் பற்றிப் பேசுகிறேன். அந்தத் தொழிலில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

நான் போட்ட கையெழுத்து

எங்கள் நூலகம் இரண்டு அறைகள். சுமார் 14,000 புத்தகங்கள். வேலைக்கு நானும், கூட்டிப் பெருக்கிப் புத்தகம் அடுக்கும் உதவியாளராக ஓர் அக்காவும். பின்னால் இருந்த மூன்றாவது அறையில் கல்லூரி தொடங்கிய காலம் முதலான பழைய காகிதங்கள் கிடந்தன. விடுதிப் பதிவேடுகள், கல்லூரி ஆண்டு மலர்கள், மாணவர் சங்கத் தேர்தல் நோட்டீஸ்கள், கட்டணச் சலுகை கேட்டு எழுதிய மனுக்கள்.

நாக் குழு வரப்போகிறது, அந்த அறையில் கம்ப்யூட்டர் வைக்க வேண்டும் என்றார்கள். கழிவுப் பட்டியல் ஒன்று தயாரித்தேன். 'பயன்பாடற்றவை' என்று தலைப்பிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன். பழைய பேப்பர்காரர் மூன்று சக்கர வண்டியில் வந்து எடை போட்டு எடுத்துப் போனார். பணத்தைக் கல்லூரிக் கணக்கில் கட்டி, ரசீதைக் கோப்பில் சேர்த்தேன். அந்த ரசீது இன்னும் அங்கே பத்திரமாக இருக்கும். ரசீதைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விடுதிப் பதிவேட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நான்கைந்து ஆண்டு கழித்து முதுகலை வரலாறு படிக்கும் ஒரு மாணவி வந்தார். "எங்க தாத்தா இந்தக் காலேஜ்லதான் படிச்சார் சார். ஹாஸ்டல்ல இருந்தாராம். ஊர்ல சொன்னா சிரிக்கிறாங்க. வெட்டியான் மகன் எந்தக் காலத்துல காலேஜ் போனான்னு கேக்குறாங்க. எழுத்துல ஏதாவது இருக்குமா சார்?"

எழுத்தில் இருந்தது, அதைக் கிலோ கணக்கில் விற்றவன் நான். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அப்போது அக்கா இரும்பு பீரோவின் பின்னாலிருந்து இரண்டு தடித்த பேரேடுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய இஷ்யூ ரிஜிஸ்டர்கள். யார், எந்தத் தேதியில், எந்தப் புத்தகத்தை எடுத்தார், எப்போது திருப்பினார் என்று எழுதிய நோட்டு. "அன்னைக்கு வண்டியில ஏத்தும்போது எடுத்து வச்சேன் சார். கெட்டி அட்டை. எழுத்து முத்து முத்தா இருந்துச்சு. போட மனசு வரல" என்றார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

தாத்தாவின் பெயர் அதில் இருந்தது. விடுதி எண்ணும் இருந்தது. இரண்டு ஆண்டில் 37 புத்தகங்கள் எடுத்திருக்கிறார். பாடநூல்கள், இரண்டு ருஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்பு, ஒரு ஆங்கில இலக்கணம் ஐந்து முறை. ஒருமுறை தாமதமாகத் திருப்பியதற்கு நாலணா அபராதம் கட்டியிருக்கிறார். மாணவி எல்லாத் தலைப்புகளையும் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "இதுல எதெல்லாம் இன்னும் அலமாரியில இருக்கு சார்?" தேடினோம். பதினொன்று இருந்தன. ஒன்றைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் ஊருக்குக் காட்ட ஒரு சான்று கேட்டு வந்தவர். தன் தாத்தா என்ன படித்தார் என்று தெரிந்துகொண்டு போனார். விடுதிப் பதிவேடு இருந்திருந்தால் அவருடைய அப்பா பெயர், ஊர், யார் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தார்கள் என்பதும் தெரிந்திருக்கும். அது என்னால் போயிற்று.

நம் இதழ்கள் போன வழி

இது ஒரு கல்லூரியில் நடந்த சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் அச்சு வரலாறு முழுக்க இப்படித்தான் போயிருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கி, 1900 வரை நடத்தினார். இழிசொல்லாக எறியப்பட்ட பெயரையே இதழின் தலையில் பொறித்து விற்ற துணிச்சல் அது. அதன் முழுத் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை. அதில் என்ன எழுதினார்கள் என்பதை ஓரளவு எப்படி அறிகிறோம்? உள்ளூர் மொழி இதழ்களைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கி அரசுக்குக் கொடுக்க மாகாண அரசு ஆட்களை வைத்திருந்தது. அந்த அறிக்கைகள் சென்னை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் தாத்தா தமிழில் எழுதியதை, அவரைக் கண்காணித்த அரசின் ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து மறுபடி தமிழுக்குக் கொண்டுவருகிறோம். 1869 முதல் 1943 வரையான தலித் இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய நூலைப் படியுங்கள். எத்தனை இதழ்கள் வந்தன என்று பெருமை வரும். அவற்றில் எத்தனை இன்று பெயராக மட்டும் எஞ்சியிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அயோத்திதாசப் பண்டிதருக்கு நேர்ந்தது வேறு. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் மறையும் வரை வாரந்தோறும் எழுதினார். கோலார் தங்கவயலில் சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளைச் சிறு நூல்களாகப் போட்டது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைத் தேடிச் சேர்த்து, தங்கள் வீட்டில் வைத்துக் காத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. 85 ஆண்டுகள் கழித்துப் பண்டிதர் பொது வாசகரிடம் வந்தார். அதற்குப் பிறகுதான் அவரைப் பற்றி இத்தனை ஆய்வுகள், கருத்தரங்குகள், சண்டைகள்.

இடையில் அந்த வீடுகளில் ஒன்று ஒழுகியிருந்தால்? ஒரு மருமகன் பரணைச் சுத்தம் செய்திருந்தால்? ஒரு பெரும் சிந்தனையாளர் நமக்குக் கிடைத்தாரா இல்லையா என்பது சில தனிமனிதர்களின் பொறுமையிலும் ஒரு கல்லூரி மையத்தின் அக்கறையிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

பம்பாயில் ஒரு கல்லூரி

பாபாசாகேப் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946இல் அதன் முதல் கல்லூரியான சித்தார்த் கல்லூரி பம்பாயில் பட்டாளக் கொட்டகைகளில் தொடங்கியது. அங்கே நூலகராக இருந்தவர் எஸ்.எஸ். ரேகே. தனக்கென்று வீடு கட்டியபோதே புத்தகங்களுக்கு இடம் ஒதுக்கிக் கட்டியவர் பாபாசாகேப். அவர் தொடங்கிய கல்லூரியில் நூலகம் பின்னால் ஒட்டவைத்த அறையாக இருந்திருக்க முடியாது.

'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற சிறு நூல் உங்களில் பலருக்குத் தெரியும். 1930களில் பாபாசாகேப் தன் கையால் எழுதியது. சிறுவனாக ரயிலில் இறங்கி வண்டி கிடைக்காமல் நின்றது, பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டது எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சாகவில்லை. கையெழுத்துப் பிரதி மக்கள் கல்விக் கழகத்தின் சேகரிப்பில் இருந்தது. 1990 மார்ச் 19 அன்று கழகம் அதைச் சிறு நூலாக வெளியிட்டது. இன்று அது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமாக இருக்கிறது.

அந்த நூலின் கடைசிப் பகுதியை ஒரு நூலகனாக நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஒரு துப்புரவுச் சமூகத்து இளைஞர் கூட்டமொன்றில் எழுந்து சொன்ன அனுபவம் அது. பாபாசாகேப் அதை எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? 1938 மார்ச் 6, பம்பாய் தாதரில் கசர்வாடி, தலைமை தாங்கியவர் இந்துலால் யாக்னிக். தேதி, இடம், ஆள். அதற்குப் பிறகுதான் வலி. நம் துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். 'வரும் ஞாயிறு மாலை' என்று இருக்கும். எந்த ஆண்டின் ஞாயிறு?

கல்லூரியோ கழகமோ பாதுகாக்காத தாள்கள் என்ன ஆயின? பாபாசாகேப் கடைசியாக வாழ்ந்தது தில்லியில், 26, அலிப்பூர் சாலையில். 1967 ஜனவரியில் அந்த வீட்டைக் காலி செய்ய வைத்தபோது பொருட்களும் காகிதங்களும் வெளியே எறியப்பட்டன, அன்றிரவு மழை பெய்தது என்று அவருடைய உதவியாளர் நானக் சந்த் ரத்து எழுதியிருக்கிறார். அவருடைய தொகுதிகளில் சில கட்டுரைகள் பாதியில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மழை நினைவுக்கு வரும்.

எந்தத் தட்டில் வைப்பது

காப்பாற்றி வைத்தால் மட்டும் போதாது. தேடுகிறவன் கண்ணில் பட வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து நூலக விதிகளை எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. அது நடப்பதும் நடக்காததும் பட்டியல் போடுகிறவர் கையில் இருக்கிறது.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. எங்கள் நூலகத்துக்கு வந்தபோது நான் அதைச் சமூகவியல் தட்டில் வைத்தேன். தமிழ் இலக்கியத்தின் டூயி எண் 894.811 எனக்கு மனப்பாடம். இருந்தும் 300களில் வைத்தேன். தலித் எழுதினால் அது இலக்கியமாக இருக்காது, சமூகத் தகவலாகத்தான் இருக்கும் என்று என் கைக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருந்திருக்கிறது. தமிழ் படிக்கும் ஒரு பையன் தேடிக் கிடைக்காமல் என்னிடம் வந்து கேட்ட பிறகு மாற்றினேன். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புப் பட்டியலை உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். அதிலும் முன்பு 'தீண்டத்தகாதவர்' என்றிருந்த தலைப்பு இன்று 'தலித்துகள்' என்று இருக்கிறது. பெயர் மாறினால் தேடுகிறவன் தலை நிமிர்ந்து தேடுகிறான்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடவும் கூடாது. வன்கொடுமை வழக்குக் கட்டுகளில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரும் படமும் இருக்கும். பதிவேடுகளில் இன்று உயிரோடு இருப்பவர்களின் சாதி இருக்கும். அதை மறைத்து நகரத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். எதை இன்று காட்டுவது, எதை முப்பது ஆண்டு கழித்துக் காட்டுவது என்று முடிவு செய்வதும் ஆவணக் காப்பாளரின் வேலை. அந்த முடிவை நம்மைத் தெரியாதவர்களிடம் விட்டுவிடக் கூடாது.

அண்ணனின் பெட்டி

இப்போது யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அவரிடம் வருகிறேன். நாம் எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகியவர். அவர் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. நாற்பது ஆண்டு நோட்டீஸ்கள், இந்த மன்றத்தின் கையெழுத்துப் பத்திரிகை, கடிதங்கள், புகைப்படங்கள். அண்ணி இதுவரை பூட்டித் திறந்து, வசம்பு போட்டுக் காத்து வருகிறார். அவருக்கு முதல் நன்றி.

அந்தப் பெட்டியிலிருந்து ஆய்வுக்கென்று இரவல் வாங்கிப் போனவை சில திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். வாங்கியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். திருப்பிக் கொடுங்கள். நான் யாரென்று கேட்க மாட்டேன்.

மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது. முதலில் பெட்டியில் இருப்பதை ஒவ்வொன்றாக எண் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இருக்கிற வரிசையைக் கலைக்காதீர்கள். எதோடு எதை அண்ணன் சேர்த்து வைத்தார் என்பதும் ஒரு செய்திதான். கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், ஐந்தே ஆண்டில் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த பின்களை மெதுவாகக் கழற்றுங்கள். புகைப்படத்தில் இருப்பவர்கள் யாரென்று அண்ணியும் மூத்த தோழர்களும் சொல்லச் சொல்ல, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. போன ஆண்டு வந்திருந்த மூத்தவர்களில் இரண்டு பேர் இன்று இல்லை. ஸ்கேன் எடுத்தால் மூன்று இடத்தில் பிரதி வையுங்கள். ஒருவருடைய செல்போனில் இருப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் இல்லை.

அதன் பிறகு, பக்கத்தில் ஏதாவது ஒரு கல்லூரி நூலகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுங்கள். எதைத் திறப்பது, எதை மூடி வைப்பது, அந்தக் கல்லூரிக்கு வேண்டாம் என்றால் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடாமல் மன்றத்திடம் திருப்பித் தர வேண்டும் என்பது உட்பட எல்லாம் அதில் இருக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். நூலக அறிவியல் என்றால் வேலை கிடைக்காதவர்கள் படிப்பது என்று நினைக்கிறார்கள். நம் பிள்ளைகளில் நாலு பேர் அதைப் படியுங்கள். வழக்கறிஞரும் எழுத்தாளரும் நமக்குத் தேவைப்படுவதைப் போலவே, கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போடும்முன் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்துகிற ஒருவரும் ஒவ்வொரு கல்லூரியிலும் நமக்குத் தேவை.

நான் நிறுத்தவில்லை. எங்கள் அக்கா நிறுத்தினார். அவர் ஓய்வு பெற்ற நாளில் கல்லூரி ஒரு சால்வை போட்டது. அவர் காப்பாற்றியது என்ன என்று யாரும் அங்கே சொல்லவில்லை. இங்கே அச்சில் வரட்டும் என்பதற்காகவே சொன்னேன்.

நாளை காலை ஒன்பது மணிக்கு அண்ணி பெட்டியைத் திறக்கச் சம்மதித்திருக்கிறார். ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும் கொண்டுவருவேன். வரக்கூடியவர்கள் வாருங்கள்.