நீருக்குள் நிற்கும் ஒளி



பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் பக்கத்தில் சிறு துளையிட்டு நீர் நிரப்புவோம். துளைக்கு எதிர்ப்புறமிருந்து டார்ச் விளக்கைக் காட்டுவோம். இருட்டறையில், வளைந்து விழும் நீருடன் ஒளியும் வளைந்து செல்லும். 1841-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் டேனியல் கொலாடோன் என்னும் அறிஞர் செய்து காட்டிய சோதனை இது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, காற்றின் எண் 1. எண் கூடிய பொருளிலிருந்து குறைந்த பொருளை நோக்கி மிகச் சாய்வாக வரும் ஒளி, வெளியேறாமல் உள்ளேயே திரும்புகிறது. இதுவே முழு அகப் பிரதிபலிப்பு.

எமது தோட்டப் பள்ளியில் இதைக் காட்டியபோது, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “சார், நீரைச் சுற்றிக் காற்றுக்குப் பதிலாகக் கண்ணாடி இருந்தால்?” என்று கேட்டாள். “ஒளி கண்ணாடிக்குள் போய்விடும்” என்றோம். சிலிக்கா கண்ணாடியின் எண் ஏறக்குறைய 1.45 அல்லவா? ஆனால், அது பாதி விடையே என்பதைப் பின்னர் படித்துத்தான் அறிந்தோம்.

1996-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் பிலிப் ரசல் குழுவினர் புதுவகைக் கண்ணாடி இழையை வெளியிட்டனர். அதன் நீளம் முழுவதும் தேன்கூடுபோல் நுண்துளைகள் ஓடுகின்றன. இதற்கு ஒளிப்படிக இழை என்று பெயர். இவ்வகையில் நடுத்துளை பெரிதாக உள்ள இழைகளும் பின்னர் வந்தன. அவற்றின் நுனியைச் சூடாக்கினால் சிறு துளைகள் உருகி மூடிக்கொள்ளும். நடுத்துளை மட்டும் திறந்திருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நீர் அதில் ஏறிவிடும். சுற்றிலும் இருப்பது மெல்லிய கண்ணாடிச் சுவர்களும் மிகுந்த காற்றும். இரண்டும் சேர்ந்த சராசரி எண் 1.33-க்கும் கீழே இறங்கிவிடுவதால், ஒளி நீருக்குள்ளேயே செல்கிறது!

இதனால் என்ன பயன்? பாலில்லாத தேநீரைக் கண்ணாடிக் குவளையின் பக்கத்திலிருந்து பாருங்கள், வெளிறித் தெரியும். உயரமான அதே குவளையை மேலிருந்து பாருங்கள், கறுத்துத் தெரியும். ஒளி கடக்கும் தூரம் கூடினால், கரைந்துள்ள பொருள் சிறிதாயினும் புலப்படும். நடுத்துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று கொள்வோம். 1 மீட்டர் இழையை நிரப்ப ஒரு துளி நீரில் 600-இல் ஒரு பங்கே போதும். கிடைப்பதற்கரிய மாதிரிகளைச் சோதிக்க இது எத்துணை உதவி!

மறுவாரம் வகுப்பில், “அன்று சொன்னது அரைகுறை விடையம்மா” என்று அந்த மாணவியிடம் ஒப்புக்கொண்டு இழையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். அவளோ, “துளை எல்லாவற்றிலும் நீர் ஊற்றினால், சார்?” என்றாள். அதற்கும் படித்துக்கொண்டிருக்கிறோம்.